பதினொரு வீராக்களுக்கு ஒரே முகம்

கிள்ளானில் 2000க்குப் பிறகான அந்தச் சில ஆண்டுகளில் புரோட்டோன் வீரா வைத்திருந்த எந்த இளைஞனைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எவோ திரீ பாடிகிட் போடணும்ணே." கார்க்கடன் இன்னும் பல வருஷம் பாக்கி இருக்கும். டயர் வழுக்கையாகியிருக்கும். ஏர்கான் பேருக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முன் பம்பர் மாற வேண்டும்.

இதை வெறும் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனசு வராது. ஆசைக்கு ஒரு வம்சாவளி இருந்தது. 1993ல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரை அடித்தளமாக வைத்து எழுந்த கார். அதே தலைமுறை லான்சரிலிருந்துதான் ரேலிப் பந்தயத்துக்கான எவோல்யூஷன் வரிசையின் முதல் மூன்று கார்களும் பிறந்தன. 1995ல் வந்த மூன்றாவது எவோவை ஓட்டித்தான் பின்லாந்துக்காரர் டோமி மாக்கினென் 1996ல் உலக ரேலிப் பட்டம் வாங்கினார். போதாக்குறைக்கு 2002ல் நம் மலேசியாவின் கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் என்ற காரை ஓட்டி, உற்பத்திக் கார் பிரிவில் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தார். பெயர்தான் பெர்ட், மற்றபடி அது லான்சர் எவோவின் இன்னொரு அவதாரம். ஆக, புரோட்டோன் சின்னம் ஒட்டிய எவோ என்பது எங்கள் கற்பனை மட்டுமல்ல, உலகச் சாம்பியனே அப்படி ஒன்றைத்தான் ஓட்டினார்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. எவோ திரீயின் டர்போ எஞ்சின் 270 குதிரைச் சக்தி. எங்களில் பெரும்பாலோர் வைத்திருந்த 1.5 லிட்டர் வீராவுக்கு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். எவோவின் முன் பம்பரில் அத்தனை பெரிய வாய் எதற்கு இருக்கிறது? ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் பிரேக்குக்கும் காற்று போக. டர்போவே இல்லாத எங்கள் எஞ்சினுக்கு இன்டர்கூலர் ஏது? வாய்க்குப் பின்னால் கறுப்பு வர்ணம் பூசிய கம்பி வலையை அடித்துவிடுவோம். வலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் தெரிவது ஹாரன்.

அசல் எவோ பம்பர் வேண்டுமென்றால் ஹாஃப்கட் கடைகளுக்குப் போக வேண்டும். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே அறுத்து, பாகங்களாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்கும் கடைகள் அவை. எஞ்சினுக்காக வெட்டி வந்த முன்பாதியில் பம்பர் முழுதாக இருந்தால் அது அதிர்ஷ்டம். இருந்தாலும், வாங்க நினைத்தவனின் சம்பளத்தைப் பார்த்து அந்தப் பம்பர் சிரிக்கும். அதனால் மிச்சமிருந்தது ஃபைபர் ரெப்ளிகா. அசல் எவோ பம்பரை மாதிரியாக வைத்து, வீராவின் மட்கார்டுக்கும் விளக்குக்கும் தோதாக அளவை மாற்றி, கண்ணாடி இழையில் வார்த்தெடுத்த நகல். முன் பம்பர், பின் பம்பர், இரண்டு பக்கமும் ஸ்கர்ட், பூட் மேல் ஸ்பாய்லர், இவை சேர்ந்தால் ஒரு செட்.

சனிக்கிழமை இரவுகளில் மாமாக் கடையில் தேத்தாரே குடிக்க உட்காரும் கூட்டத்தில் இந்தப் பேச்சு பல வாரம் உருண்டது. மேரு சாலைப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறை இருந்தது. சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவர், அவருடைய மச்சினர், இரண்டு வேலையாட்கள். ஒரு செட் 950 வெள்ளி என்றார். வர்ணமும் பொருத்துகூலியும் தனி. "பத்து செட்டுக்கு மேல எடுத்தா?" என்று மலாயில் கேட்டதும் கால்குலேட்டரை எடுத்துத் தட்டி, திருப்பி எங்கள் பக்கம் நீட்டினார். 720. தலைக்கு 230 வெள்ளி மிச்சம். அந்த நாளில் அது ஒரு மாதக் கார்த் தவணையில் பாதி.

பதினொரு பேர் சேர்ந்தோம். பணத்தை யார் வாங்கி வைப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் குமாஸ்தா. நாள் முழுக்க அடுத்தவர் சரக்குக்கு ரசீது எழுதுகிறவன். "கிளர்க்குதான் சரி. கணக்கு எழுதுவான், தொலைக்க மாட்டான்" என்று கூட்டத்திலேயே மூத்தவரான இன்ஷூரன்ஸ் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வீட்டில் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. "அடுத்தவன் காச கையில வாங்காதடா. கூட்டுப் புடிச்சி எத்தன குடும்பம் நாசமாப் போச்சி, தெரியுமா ஒனக்கு?" அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் கூட்டு அங்கே எந்த லயத்திலும் நடந்தது. முதலில் எடுத்தவன் தோட்டத்தை விட்டு ஓடினால் கடைசியில் நிற்பவன் வாயில் மண். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று அரசாங்கம் 1971ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. "இது கூட்டு இல்லம்மா, சாமான் வாங்குறது" என்றேன். "காசு ஒருத்தன் கையில, ஆசை பத்துப் பேரு கையில. ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது உறைத்தது. அதனால் பணத்துக்கென்று தனியாக ஒரு பேங்க் கணக்குத் திறந்தேன். பாஸ்புக்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமாக் கடை மேசையில் விரித்து வைப்பேன்; யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ஒரு தாளில் விதிகளை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். பாதிப் பணம் முன்கூட்டியே. விலகினால் பணம் திரும்பாது. ஆனால் தன் இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவந்து அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். மீதிப் பணம் சாமானைக் கண்ணால் பார்த்த பிறகு. என் போன் செலவுக்கும் பெட்ரோலுக்கும் ஆளுக்குப் பத்து வெள்ளி. இந்தக் கடைசி விதியை எழுதும்போது கை கூசியது என்றாலும் எழுதினேன். சும்மா வேலை செய்கிறவனை யாரும் கேள்வி கேட்கத் துணிய மாட்டார்கள். கேள்வி கேட்க முடியாதவன் கையில் பணம் இருப்பது நல்லதல்ல.

முன்பணம் வாங்கியதில் பெரிய கதை ஒன்றுமில்லை. பாதிப் பேர் மறுநாளே கட்டினார்கள், மீதிப் பேர் சம்பளத்துக்குப் பிறகு. ஏரோபேக் என்ற, பின்பக்கம் தனியாக பூட் துருத்தாத வீராவை வைத்திருந்த ஓர் ஆசிரியர்தான் சிக்கலைக் கிளப்பினார். பூட் ஸ்பாய்லர் அவருடைய காரில் உட்காராது. "எனக்கு முன்னாடியும் சைடும் போதும், தம்பி. மிச்சத்துக்குக் காசைக் குறைச்சுக்குங்க." தவுக்கேயோ செட்டாக எடுத்தால்தான் 720 என்கிறார். கடைசியில் லாரி ஓட்டும் தம்பி ஒருவன், ரவாங்கில் இருக்கும் தன் கூட்டாளி அவனுடைய வீராவுக்கு அந்த ஸ்பாய்லரையும் பின் பம்பரையும் வாங்கிக்கொள்வான் என்று கைகொடுத்தான். இப்படி ஒரு செட் இரண்டு ஊருக்குப் பிரிந்தது.

மொத்தப் பணத்தில் பாதியைக் கொடுக்கப் போன அன்று தவுக்கே என்னைத் தனியாக அழைத்தார். பத்துக்கு மேல் ஆள் சேர்த்துக் கொடுத்ததால் எனக்கு ஒரு செட் இனாம் என்றார். மற்றவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் கண்ணாலேயே சொன்னார். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். ஆள் சேர்ப்பவனுக்கு ஓரமாக ஒன்று வரும். அந்தச் சனிக்கிழமை பாஸ்புக்கோடு இதையும் மேசையில் வைத்தேன். பெரிய விவாதம். "ஒழைச்சவன் எடுத்துக்கட்டும்" என்றது ஒரு கட்சி. இனாமை விற்று எல்லாருக்கும் பிரிக்கலாம் என்றது இன்னொரு கட்சி. மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவர், அதுவரை அதிகம் பேசாதவர், "அது ஸ்பேரா இருக்கட்டுமே. எதாச்சும் ஒடஞ்சா?" என்றார். நல்ல யோசனை. அது எவ்வளவு நல்ல யோசனை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பட்டறை வேலையை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அச்சு என்பதே கண்ணாடி இழையால் ஆன ஒரு பெரிய குடைவு. பம்பரைக் கவிழ்த்த வடிவம். உட்புறத்தை மெழுகு போட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவார்கள். மெழுகு விட்டுப்போன இடத்தில் பம்பர் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இரண்டுக்கும் சேதம். அதன்மேல் ஜெல்கோட் என்ற கெட்டியான பூச்சு. அதுதான் பின்னால் பம்பரின் வெளித்தோல். பூச்சு விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில், கத்தரித்த கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினைத் தூரிகையால் குத்திக் குத்தி ஊற வைப்பார்கள். பிறகு சின்ன உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றுவார்கள். ஒரு பாய் காய்வதற்குள் அடுத்த பாய். ரெசின் இறுக ஹார்ட்னர் என்ற திரவத்தைச் சில துளிகள் கலக்க வேண்டும். உச்சி வெயிலில் கொஞ்சம் கூடினாலும் வாளியிலேயே கட்டிதட்டிப் புகை விடும். மழை நாளில் இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தவுக்கேயின் மச்சினர் அளவுக் குவளை எதுவும் வைத்திருக்கவில்லை. தகரக் கூரையை நிமிர்ந்து பார்ப்பார், கையை வெளியே நீட்டுவார், பிறகு ஊற்றுவார். ஓரம் வெட்டக் கிரைண்டர் ஓடும்போது பறக்கும் தூள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் இறங்கினால் இரண்டு நாளைக்கு அரிப்பு. வேலையாட்கள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அச்சு ஒன்றுதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு பம்பர்தான். பிஸ்கட் மாதிரி பத்தை ஒன்றாகச் சுட முடியாது. பத்து பேருக்குச் செய்தாலும் பாய் பத்து மடங்கு, ரெசின் பத்து மடங்கு, கூலி பத்து மடங்கு. டிரம்மாக வாங்கினால் ரெசின் கொஞ்சம் மலியும், அவ்வளவே. அப்படியானால் தவுக்கே குறைத்த 230 வெள்ளி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் மேசையில் கேட்கவில்லை. விலை குறைந்த சந்தோஷத்தில் தேத்தாரே இன்னொரு சுற்று வந்தது.

பதில் பட்டறையில் இருந்தது. மூன்று பாய் போட வேண்டிய இடத்தில் இரண்டு. இன்னொன்று, அவசரம். நன்றாக இறுகும்வரை அச்சிலேயே விட்டால் பம்பர் தன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அரைகுறையாக இறுகியதும் பிடுங்கி வெளியே வைத்தால், அதற்குப் பிறகும் ரெசின் சுருங்கிக்கொண்டே இருக்கும். பம்பர் என்பது இரண்டு முனையும் திறந்த நீள வளைவு. சுருக்கம் முழுவதும் அந்த முனைகளில் தெரியும். ஒரு முனை உள்ளே வாங்கும், இன்னொன்று மேலே தூக்கும். ஒருவருக்காக ஒரு பம்பர் செய்யும்போது மறுநாள் வரை அச்சில் விட தவுக்கேக்கு நேரம் இருந்தது. பதினொரு பேர் "எப்ப ரெடி, எப்ப ரெடி" என்று போன் போட்டால் எங்கே விடுவார்? கேட்கும்போதெல்லாம் "பெசோக் சியாப்" என்பார். அந்த 'நாளை' வாரங்களாக நீண்டது. இங்கே மாமாக் கடையில் என் மேசைக்கு முன்னால் கேள்விகள் குவிந்தன. பாஸ்புக்கைப் புரட்டும் விரல்களின் வேகமும் கூடியது. நானும் தவுக்கேயை விரட்டினேன்.

எல்லாச் செட்டும் ஆயிற்று என்ற செய்தி வந்ததும், ஏற்றிவர லாரியோடு போகாமல் முதலில் சோதித்துப் பார்க்கச் சிலர் போனோம். மருத்துவமனை நண்பர் ஒரு தராசைத் தூக்கி வந்திருந்தார். மனிதர்கள் ஏறி நின்று எடை பார்க்கும் சாதாரணத் தராசுதான். "எதுக்கு இது?" என்று தவுக்கே முறைத்தார். முன் பம்பரைத் தூக்கிக்கொண்டு நண்பர் தராசில் ஏறுவார். முள்ளைப் பார்ப்போம். நண்பரின் எடையைக் கழிப்போம். முதல் நான்கு ஐந்து பம்பர்கள் ஏறத்தாழ ஒரே எடை. அதற்குப் பிறகு முள் இறங்க ஆரம்பித்தது. எடை குறைந்தவற்றை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம். வெள்ளை ஜெல்கோட்டுக்குள் சில இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. ஒற்றைப் பாய்தான் இருந்திருக்க வேண்டும். இருபது காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடத்தில் 'டங்' என்று இறுக்கமான சத்தம். காற்று அடைபட்ட இடத்தில் சத்தம் மந்தமாகி விழும். மூலைகளில்தான் அதிகம், அங்கே உருளை போகாது.

பிறகு லாரிக்காரத் தம்பியின் வீராவிலேயே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கடைசியில் செய்தவற்றில் மூன்று, மட்கார்டு ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளியோடு நின்றன. தவுக்கே வந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, "லெபே கூராங். இழுத்து போல்ட் போட்டா சரியாயிடும்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். போடலாம்தான். ஆனால் இழுத்துப் பிடித்த ஃபைபர் அந்த இழுவையை மறக்காது. ரோட்டில் குலுங்கக் குலுங்க போல்ட் துவாரத்திலிருந்து வெடிப்பு கிளம்பும். இதைச் சொன்னவர் எங்களோடு வந்திருந்த ஒரு பெயின்டர். நாங்கள் கொடுத்த மதியச் சாப்பாட்டுக்காக வந்தவர் என்றாலும் அன்றைக்கு நடந்ததிலேயே பயனுள்ள ஒரே வாக்கியத்தை அவர்தான் பேசினார்.

பாதிப் பணம் இன்னும் என் கணக்கில்தான் இருந்தது. அந்தப் பாஸ்புக்கின் பலம் அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்திருந்தால் தவுக்கே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார். கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு மச்சினரிடம் கத்தினார். பிறகு சிகரெட் பற்ற வைத்தார். மூன்றில் ஒன்றுக்கு அந்த இனாம் செட்டின் பம்பரை மாற்றிக்கொள்வது, மீதி இரண்டைப் புதிதாகச் செய்து தருவது என்று முடிந்தது. "இந்தத் தடவை மறுநாள் வரைக்கும் அச்சிலேயே இருக்கட்டும், நாங்க போன் பண்ண மாட்டோம்" என்று நான் சொன்னபோதுதான் அவர் சிரித்தார்.

அப்படியும் பதினொன்றும் ஒன்றுபோல் இல்லை. முதலில் அச்சிலிருந்து வந்தவற்றின் விளிம்புகள் கூர்மையாக, எவோவின் அந்த வெட்டு அப்படியே இருந்தது. அச்சு தேயத் தேய விளிம்பும் மழுங்கியது. எல்லாரும் கொடுத்தது அதே 720 வெள்ளி. நல்லது யாருக்கு, சுமாரானது யாருக்கு? முன்பணம் முதலில் கட்டியவனுக்கு முதல் உரிமை என்றார் ஒருவர். அவர்தான் முதலில் கட்டியவர். விலையைப் பதினொன்றாகப் பிரிக்க ஒரு கால்குலேட்டர் போதும். பொருளைப் பிரிக்க அது உதவாது என்பதில்தான் இந்த மாதிரிக் கூட்டுக் கொள்முதல்கள் பெரும்பாலும் உடைகின்றன. எனக்குத் தெரிந்து ரிம் வாங்கப் போன ஒரு கூட்டமும், சீட் வாங்கப் போன இன்னொரு கூட்டமும் பணத்தகராறே இல்லாமல் இந்த இடத்தில்தான் முறிந்தன.

சீட்டுக் குலுக்கினோம். பம்பர்களுக்கு எண் ஒட்டி, மாமாக் கடை மைலோ டின்னில் துண்டுச் சீட்டு போட்டு, கடைக்கார அண்ணனின் சின்ன மகனை எடுக்கச் சொன்னோம். என் சீட்டு கடைசி என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். இல்லையென்றால் அந்த எடைக் கணக்கு எழுதிய தாள் என்னிடம் இருந்ததே பேச்சாகியிருக்கும். எனக்கு வந்தது நடுத்தரம். இன்ஷூரன்ஸ் அண்ணனுக்கு நல்ல ஒன்று விழுந்தது. அவர் அதை மறுவாரமே வேறொருவருக்கு மாற்றிக்கொண்டு, இருபது வெள்ளியும் வாங்கிக்கொண்டார். அதற்கு நாங்கள் விதி எழுதியிருக்கவில்லை.

பொருத்துவது இன்னொரு கதை. அசல் வீரா பம்பர் பிளாஸ்டிக். மாட்டும் காதுகள் எல்லாம் அதோடு சேர்ந்தே வார்த்தவை. ஃபைபரில் அவை பாதி இருக்கும், பாதி நாமே துளை போட்டுத் தகட்டுப் பட்டை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பொருத்திப் பார்த்துக் கழற்றி, புட்டி இழுத்து, தேய்த்து, மறுபடி பொருத்தி, பிறகுதான் பெயின்ட். செட்டுக்கு மிச்சம் பிடித்த 230 வெள்ளி இங்கே கரைந்தது. அதைவிடக் கூடவும் ஆனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபைபர் நன்றாகக் காய்ந்து அடங்கும் முன்பே வர்ணம் அடித்தால் ஊசிமுனைத் துளைகள் மேலே எழும். சில மாதத்தில் உள்ளே இருக்கும் இழைப் பாயின் பின்னலே பெயின்ட் வழியாகக் கோடு கோடாகத் தெரியும். எங்களில் பொறுமையாகச் சில வாரம் வெயிலில் போட்டு வைத்தவர்களின் கார்கள் பல வருஷம் அழகாக இருந்தன. தீபாவளிக்குள் முடித்தாக வேண்டும் என்று நின்றவர்களின் கார்களில் பொங்கலுக்குள் கோடு தெரிந்தது.

மிட்சுபிஷியின் மூன்று வைரச் சின்னத்தையும் சேர்த்து வாங்கச் சிலர் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். முகத்தை நகலெடுத்ததற்கே எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. பெயரையும் மாட்டிக்கொண்டால் அது ஏமாற்று. தவிர, புரோட்டோன் சின்னத்தோடு எவோ முகம் வைத்துக்கொள்வதில் கரம்ஜித் சிங்கின் சாயல் இருந்தது, எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ரெப்ளிகா பற்றி இன்று யாராவது கேட்டால் ஒரு கோடு கிழித்துச் சொல்வேன். பம்பர் நகலாக இருக்கலாம், வெடித்தால் இன்னொரு பாய் ஒட்டிச் சரிசெய்யலாம். ரிம் நகலாக இருக்கக் கூடாது. அது வெடித்தால் ஒட்ட ஆள் மிஞ்சாது. பம்பர் சரியாக உட்காரவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் இரும்புத் தாங்கியை வெட்டுகிற பெயின்டரிடம் காரை விடாதீர்கள். காரின் நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் போய்ப் பதிந்துவிடுங்கள். காரின் நிறமும் கிராண்ட் என்ற பதிவுப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குடியிருப்புத் தாமான் சாலைகளில் இருக்கும் வேகத்தடை மேடுகளைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும். எவோ பம்பரின் கீழ் உதடு தாழ்வானது. பிளாஸ்டிக்காக இருந்தால் வளைந்து திரும்பிவிடும். பியூ என்ற ரப்பர் போன்ற பொருளில் செய்த கிட்டும் அப்படியே, ஆனால் விலை அதிகம், வெயிலில் நிறுத்தியே வைத்தால் தொய்ந்தும் போகும். ஃபைபர் வளையாது, உடையும். நாங்கள் எல்லாரும் மேட்டைக் கண்டால் காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, ஆமை வேகத்தில் இறக்கப் பழகிக்கொண்டோம். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். எவோ முகத்தை வைத்துக்கொண்டு மேட்டுக்குப் பயப்படுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

மீதிப் பணம் கொடுத்து முடிந்ததும் பாஸ்புக்கில் சில வெள்ளி எஞ்சியது. ஸ்பேர் செட்டின் மற்ற பாகங்களை விற்றதில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. அத்தனையும் மாமாக் கடையில் ஒரே ராத்திரியில் ரொட்டி சானாயாகவும் கோழிப் பொரியலாகவும் மாறியது. அம்மாவிடம் மூடிய கணக்கின் பாஸ்புக்கைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "இனிமே வேணாம்" என்றார். அடுத்த ஆண்டு எக்ஸ்ஹாஸ்ட் வாங்க ஆள் சேர்த்தார்கள். பணம் வைக்க வேறொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விதிகள் எழுதிய பழைய தாளை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன்.

ஒன்றுதான் இப்போது இடிக்கிறது. எவோ பம்பர் ஏறியதும் கழற்றிய அசல் வீரா பம்பர்களைப் பெயின்டரின் கொட்டகைக்குப் பின்னால் குவித்துவிட்டு வந்தோம். பூனை குட்டி போட்டது; பிறகு பழைய சாமான்காரன் அள்ளிப்போனான். 2009ல் வீரா உற்பத்தி நின்றது. இன்றைக்குப் பழைய வீராவைப் புதிதாக்கி வைத்துக்கொள்ள நினைக்கும் பையன்கள் தேடி அலைவது அசல் பம்பரை. எவோ ரெப்ளிகா வேண்டுமென்றால் இப்போதும் யாராவது செய்து தருவார்கள். அதனால், எந்தக் காருக்கு எந்தக் கிட் வாங்கினாலும், கழற்றிய அசல் பாகங்களையும் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கட்டிலுக்கு அடியில் இடமிருக்கும்.